ஒரு துளி இரத்தமும் அப்பம்மாவின் இருமலும்

எங்கள் வீட்டில் யாராவது டொக்டரிடம் போனால் மொழிபெயர்ப்பாளர் நான்தான். பத்து வயதிலிருந்து அந்த வேலை. உங்களில் பலருக்கும் இது புதிதாக இருக்காது. தாத்தாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, பாதி புரிந்ததை முழுதும் புரிந்ததுபோல் சொல்லிவிட்டு வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அப்பம்மாவுக்கு இருமலும் இளைப்பும் கூடிவிட்டன. அவருக்கு இருந்தது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். அவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகள் விறகடுப்புக்கு முன்னால் இருந்து, ஊதுகுழலால் ஊதிச் சமைத்தவர். அந்தப் புகையும் சிகரெட் புகையைப் போலவே நுரையீரலைக் கெடுக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது.

டொக்டர் அப்பம்மாவின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்து, மேசையில் இருந்த சின்ன இயந்திரத்தில் வைத்தார். சில நிமிடங்களில் ஓர் எண் வந்தது. 9. அவர் அதைப் பார்த்துவிட்டு, பக்டீரியாத் தொற்று இருப்பதுபோல் தெரியவில்லை, இந்த முறை அன்டிபயோட்டிக் வேண்டாம் என்றார். ஸ்டீரோய்ட் குளிசை எழுதினார். இன்ஹேலரைக் கூட்டி எடுக்கச் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன்: “கிருமி ஒண்டும் இல்லையாம் அப்பம்மா. அந்த மருந்து தேவையில்லையாம்.”

வீட்டுக்கு வந்ததும் அப்பம்மா அத்தையிடம் போனில் சொன்னார்: “எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையாம். சும்மா இருமுறனாம்.”

அவர் குரலில் இருந்த கவலை என்னைச் சுட்டது. டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது அதுதான். அன்றிரவு அந்த 9 என்ற எண் என்ன என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை 1930ஆம் ஆண்டு நியூயோர்க்குக்குக் கொண்டுபோனது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நான் டொக்டர் இல்லை. கணினித் துறையில் வேலை செய்பவன். ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுக்காதீர்கள், வரலாறாகப் படியுங்கள்.

முதலில், கேள்வி ஏன் கடினமானது?

சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஆண்டில் சில தடவை வருத்தம் திடீரெனக் கூடும். மூச்சு வாங்கும், சளி பெருகும். இதற்குக் காரணம் பக்டீரியாவாக இருக்கலாம், வைரஸாக இருக்கலாம், மாசடைந்த காற்றாக இருக்கலாம். சில வேளைகளில் காரணம் தெரியாமலே போகும். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இருமல்தான். ஆனால் அன்டிபயோட்டிக் மருந்து பக்டீரியாவை மட்டுமே தாக்கும். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

சளியைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். சளியில் கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாட்கள் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த நோய் உள்ளவர்களின் நுரையீரலில், அவர்கள் சுகமாக இருக்கும்போதும் பக்டீரியா குடியிருக்கலாம். சோதனையில் கிருமி தெரிந்தால், அது பழைய குடித்தனக்காரரா, இன்று வந்து சண்டை பிடிப்பவரா என்று எப்படிச் சொல்வது?

2002இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் சஞ்சய் சேத்தி குழுவினர் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 81 நோயாளிகளை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தார்கள். புதிய வகைக் கிருமி தெரிந்த வருகைகளில் 33 சதவீதத்தில் நோய் கூடியிருந்தது. புதிய வகை இல்லாத வருகைகளில் அது 15.4 சதவீதம் மட்டுமே. கிருமி இருப்பதைவிடப் புதுக் கிருமி வருவதுதான் முக்கியம் என்று இது காட்டியது. ஆனால் ஒரு சாதாரண டொக்டர் தன் அறையில் இருந்தபடி கிருமியின் வகையைப் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது. கிருமி இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, உடம்பு கிருமியோடு சண்டை பிடிக்கிறதா என்று பார்த்தால் என்ன? அந்தச் சண்டையின் அடையாளம் இரத்தத்தில் தெரியுமா?

இரத்தம் படியும் வேகம்

இரத்தத்தை ஒரு குழாயில் உறையாமல் நிற்கவைத்தால் சிவப்பணுக்கள் மெல்ல அடியில் படியும். நோய் உள்ளவரின் இரத்தத்தில் அவை வேகமாகப் படியும். போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியெர்நாட்ஸ்கி 1897இல் இதைப் பற்றி எழுதினார். சுவீடனில் ரொபின் ஃபாரேயஸ் 1918இல் இதைக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஆராய்ந்தார். அதே நாட்டின் அல்ஃப் வெஸ்டர்கிரென் 1921இல் காசநோயாளிகளிடம் இதைப் பயன்படுத்தினார். நுரையீரல் நோயின் போக்கை இரத்தத்தில் பார்க்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

இன்றும் ஈ.எஸ்.ஆர். என்ற பெயரில் அந்தச் சோதனை இருக்கிறது. ஆனால் அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நேற்றுத் தொடங்கிய வருத்தத்தைப் பற்றி அதனிடம் கேட்பது, போன வாரச் செய்தித்தாளில் இன்றைய காலநிலையைத் தேடுவதுபோல்.

நியூயோர்க், 1930

அன்டிபயோட்டிக் இல்லாத காலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நிமோனியா வந்தால் ஏறத்தாழ ஒரு வாரம் கடும் காய்ச்சல். அதன்பின் காய்ச்சல் திடீரென விடும், அல்லது உயிர் போய்விடும். நியூயோர்க்கில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் மருத்துவமனையில் ஒஸ்வால்ட் ஏவரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகொக்கஸ் கிருமியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வந்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்த வில்லியம் டில்லெட், தோமஸ் பிரான்சிஸ் இருவரும் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு ‘சி’ பகுதி என்று பெயரிட்டிருந்தார்கள். அது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. அதை நோயாளிகளின் இரத்தநீரோடு கலந்து பார்த்தார்கள். குழாயில் வெள்ளையாகப் படிவு உண்டானது.

இதில் ஆச்சரியம் எங்கே என்று கேட்பீர்கள். நோய் எதிர்ப்புப் பொருட்கள் எப்படி வேலை செய்யும் என்று அப்போதே தெரியும். நோய் வந்து நாட்கள் போனபின், சுகமாகும் நேரத்தில்தான் அவை இரத்தத்தில் பெருகும். ஆனால் இந்தப் பொருள் நேர் எதிராக நடந்தது. நோய் கடுமையாக இருந்தபோது இரத்தத்தில் இருந்தது. காய்ச்சல் விட்டதும் காணாமல் போனது. சுகமானவரிடம் படிவு வரவில்லை. 1930இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள்.

பிறகு வேறு கிருமிகளால் வந்த நோய்களிலும், ருமாட்டிக் காய்ச்சலிலும் அதே பொருள் தெரிந்தது. ஆகவே அது நியுமோகொக்கஸுக்கு எதிரான தனி ஆயுதம் இல்லை. 1941இல் ஏவரியும் அவரோடு வேலை செய்த ஏபர்நெதி, மெக்லியொட் ஆகியோரும் அது நோயின்போது உடம்பே உண்டாக்கும் ஒரு புரதம் என்று காட்டினார்கள். ‘சி’ பகுதியோடு சேர்வதால் அதற்கு சி-ரியாக்டிவ் புரதம் என்று பெயர் வந்தது. அப்பம்மாவின் விரலில் டொக்டர் தேடிய சி.ஆர்.பி. அதுதான். 1947இல் மெக்லின் மெக்கார்ட்டி அதைப் படிகமாக்கினார்.

இந்தப் பெயர்களை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ஏவரி, மெக்லியொட், மெக்கார்ட்டி. உயிரியல் புத்தகத்தில் டி.என்.ஏ. பாடத்தைத் திறந்து பாருங்கள். மரபுச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ. என்று 1944இல் காட்டிய மூவர் இவர்கள்தான். அதுவும் இதே நியுமோகொக்கஸ் ஆராய்ச்சியில் இருந்து வந்ததுதான். தோமஸ் பிரான்சிஸ் பின்னாளில் போலியோ தடுப்பு மருந்தின் மாபெரும் பரிசோதனையை நடத்தி, 1955இல் அது வேலை செய்கிறது என்று உலகுக்கு அறிவித்தார். டில்லெட், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பொருளைக் கண்டார். ஒரு கிருமியைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் இருந்து இவ்வளவும் வந்தன.

எச்சரிக்கை மணி

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகிறது. உடம்பில் எங்காவது அழற்சி தொடங்கினால், இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி கல்லீரலுக்குப் போகும். சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். இரண்டு நாளளவில் உச்சத்தைத் தொடும். கடும் தொற்றில் அது வழக்கமான அளவைப்போல் ஆயிரம் மடங்குகூட ஏறலாம். காரணம் நின்றதும், ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இரத்தம் படியும் வேகத்தைவிட இது எவ்வளவோ உடனடியான செய்தி.

என் வேலையில் சேர்வர்களைக் கண்காணிக்கும் எச்சரிக்கை மணிகள் உண்டு. மணி அடித்தால் ஏதோ பிழை என்று தெரியும். என்ன பிழை என்று தெரியாது. சி.ஆர்.பி.யும் அப்படித்தான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ஏறும், மாரடைப்பிலும் ஏறும், மூட்டுவாதத்திலும் ஏறும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்குச் சுகமாக இருக்கும் நாளிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் பக்டீரியாத் தொற்றில் அது பெரும்பாலும் மிக உயரமாக ஏறும். வைரஸ் தொற்றில் அவ்வளவு ஏறாமல் இருப்பதுதான் அதிகம். டொக்டர்கள் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தை.

வெள்ளணுக்களை எண்ணினால் போதாதா? சி.ஓ.பி.டி. நோயாளிகள் பலர் ஸ்டீரோய்ட் குளிசை எடுப்பவர்கள். ஸ்டீரோய்ட் தானே வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அப்போது அந்த எண் எதைச் சொல்கிறது என்று குழப்பம்தான் மிஞ்சும்.

எல்லோருக்கும் மருந்து என்ற காலம்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகைமூட்டம் மூடியது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதைவிடப் பல மடங்கு சொல்கின்றன. இறந்தவர்களில் பலர் ஏற்கெனவே நாள்பட்ட மார்புச்சளி நோய் உள்ளவர்கள். அந்த நோயை மருத்துவ உலகம் பெரிய அளவில் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அப்போது அன்டிபயோட்டிக் மருந்துகள் கைக்கு வந்துவிட்டன. இருமல் கூடினால் மருந்து கொடுப்பது வழக்கமாகியது. கொடுக்காமல் விட்டு நோயாளி இறந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்திருந்தார். மருந்தைப் பிழையாகப் பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்றார்.

உண்மையில் இந்த நோயாளிகளுக்கு மருந்து எவ்வளவு உதவுகிறது? கனடாவின் வினிபெக்கில் நிக்கலஸ் அன்தொனிசன் குழுவினர் இதை ஒழுங்காகச் சோதித்து 1987இல் வெளியிட்டார்கள். 173 நோயாளிகளுக்கு வருத்தம் கூடிய 362 சந்தர்ப்பங்களைப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு அன்டிபயோட்டிக், மறு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. அன்டிபயோட்டிக் எடுத்தவர்களில் 68 சதவீதம் நன்றாகத் தேறின. வெறும் குளிசையில் 55 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். மருந்து உதவுகிறது, அது உண்மை. ஆனால் பாதிக்கு மேற்பட்டவை மருந்தில்லாமலே தேறின, அதுவும் உண்மை. மூச்சுத்திணறல் கூடி, சளி பெருகி, அது சீழ்போல் மாறிய மூன்றும் சேர்ந்தவர்களுக்கே மருந்தால் அதிக நன்மை கிடைத்தது. அதனால்தான் டொக்டர்கள் இன்றும் சளியின் நிறத்தைக் கேட்கிறார்கள். அப்பம்மா வெட்கப்பட்டுச் சொல்ல மறுத்த அந்தக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பாரிஸில் இன்னோர் அடையாளம்

1993இல் பாரிஸின் ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் புரோகல்சிடோனின் என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். இது சாதாரணமாகத் தைரொய்ட் சுரப்பியில் கல்சிடோனின் என்ற ஹோர்மோனாக மாறும் முன்நிலைப் பொருள். சுகமானவரின் இரத்தத்தில் இதைக் காண்பதே அரிது. ஆனால் கடும் பக்டீரியாத் தொற்றில் உடம்பின் பல பகுதிகளும் இதை உற்பத்தி செய்யத் தொடங்கும். வைரஸ் தொற்றின்போது உருவாகும் இன்டர்ஃபெரோன் இதன் உற்பத்தியை அடக்கும். பக்டீரியாவையும் வைரஸையும் பிரிக்க இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதை சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007இல் வந்த அந்த ஆய்வில் 208 பேர். வழக்கமான முறையில் 72 சதவீதத்தினருக்கு அன்டிபயோட்டிக் கிடைத்தது. இந்தச் சோதனையைப் பார்த்து முடிவெடுத்தபோது 40 சதவீதத்தினருக்கு மட்டுமே கிடைத்தது. நோயாளிகளுக்கு அதனால் கெடுதல் வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் 2018இல் பிரான்சில் இருந்து வேறு செய்தி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 302 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் இதே முறையைப் பார்த்தார்கள். இந்த முறை பாதுகாப்பானது என்று நிறுவ முடியவில்லை. தொடக்கத்தில் அன்டிபயோட்டிக் எடுக்காமல் வந்தவர்களில், சோதனையைப் பின்பற்றிய பிரிவில் மூன்று மாதத்துக்குள் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்.

இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல சோதனை என்று ஒன்று தனியாக இல்லை. யாரிடம், எந்த நிலையில், எந்தக் கேள்விக்கு என்பதோடு சேர்ந்துதான் அது நல்லது. வீட்டில் இருந்து நடந்து வருபவருக்குப் பொருந்தும் எண், உயிருக்குப் போராடுபவருக்குப் பொருந்தாது.

மீண்டும் விரல் நுனி

2019இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. 86 குடும்ப வைத்தியர் நிலையங்கள், வருத்தம் கூடி வந்த 653 சி.ஓ.பி.டி. நோயாளிகள். பாதிப் பேருக்கு விரல் நுனியில் சி.ஆர்.பி. பார்த்தார்கள். வழிகாட்டி எளிமையானது. லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் அன்டிபயோட்டிக் பெரும்பாலும் உதவாது. 40க்கு மேல் என்றால் பெரும்பாலும் உதவும். இடையில் இருந்தால் சளியின் நிறத்தையும் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பாமல் நோயாளியையும் பார்த்து டொக்டர் முடிவெடுக்க வேண்டும்.

சோதனை செய்யாத பிரிவில் 77.4 சதவீதத்தினர் நான்கு வாரத்துக்குள் அன்டிபயோட்டிக் எடுத்தார்கள். சோதனை செய்த பிரிவில் 57 சதவீதத்தினர். தேறுவதில் இரண்டாவது பிரிவு பின்தங்கவில்லை. 1930இல் ஒரு கண்ணாடிக் குழாயில் தெரிந்த வெள்ளைப் படிவு, 89 ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு பயனாக வந்து சேர்ந்தது.

ஐந்தில் ஒருவருக்கு மருந்து குறைந்தால் என்ன பெரிய விஷயம்? 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்ததாக ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. தேவையில்லாத ஒவ்வொரு குளிசையும் கிருமிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. அடுத்த குளிர்காலத்தில் உண்மையான தொற்று வரும்போது, அப்பம்மாவுக்கு வேலை செய்யும் மருந்து ஒன்று மிச்சம் இருக்கவேண்டும்.

என் பிழை

இவ்வளவும் படித்தபின் அப்பம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். நான் சொன்னதில் என்ன பிழை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைப் பொறுத்தவரை ‘மருந்து’ என்றால் ஒவ்வொரு குளிர்காலமும் டொக்டர் கொடுக்கும் அந்தச் சிவப்பும் மஞ்சளுமான குளிசைதான். அது தேவையில்லை என்றால் வருத்தமே இல்லை என்று பொருள். தன் மூச்சிளைப்பை யாரும் நம்பவில்லை என்று அவர் நினைத்துவிட்டார்.

மறுபடி சொன்னேன். “அப்பம்மா, உங்களுக்கு வருத்தம் இருக்கு. டொக்டருக்கும் அது தெரியும். அதுக்குத்தான் வேற குளிசை தந்தவர். அந்தக் கிருமிக் குளிசை இந்த முறை வேலை செய்யாது. வேலை செய்யிற நேரத்துக்கு அதை வைச்சிருக்க வேணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “விதைநெல்லைப் போல எண்டு சொல்லு” என்றார்.

அந்த முறை அவர் அன்டிபயோட்டிக் இல்லாமலே தேறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மார்ச் மாதம் மீண்டும் இளைப்பு வந்தது. சளி பச்சையாக இருந்தது. இயந்திரம் 96 என்று காட்டியது. டொக்டர் உடனே அன்டிபயோட்டிக் எழுதினார். அப்பம்மா என்னைப் பார்த்து, “இப்ப விதைக்கலாமாமோ?” என்று கேட்டார். டொக்டருக்கு அதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நீங்களும் ஒருநாள் அந்த நடு நாற்காலியில் உட்காருவீர்கள். அப்போது அவசரப்படாதீர்கள். எந்த மருந்து வேண்டாம், ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன தருகிறார்கள், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வரவேண்டும் என்ற நான்கையும் கேட்டு வாங்குங்கள். நான்கையும் வீட்டு மொழியில் சொல்லுங்கள். சொன்ன பிறகு, என்ன விளங்கியது என்று அவர்களையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்திருந்தால், அப்பம்மாவுக்கு அந்த ஒரு மாலைக் கவலை இருந்திருக்காது.